களத்துமேட்டில் ஒரு வைவா

நாற்பதைத் தாண்டிய வயதில் எம்.டெக். சேரப்போகிறேன் என்று சொன்னதும் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. மனிதர்கள் போகிற போக்கில் உதிர்த்துவிட்டுப் போகிற பேச்சைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பழக்கம். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், "இனிமே நான் எது கேட்டாலும் சிலபஸ்ல இல்லைன்னு சொல்லிடுவியா?" என்றார். பாலிடெக்னிக்கில் என்னோடு வேலை பார்க்கும் ஃபிட்டர் அண்ணன், "மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு முதல் பெஞ்சா, கடைசி பெஞ்சா?" என்று கேட்டார். வகுப்பு சனி, ஞாயிறு என்பதால் கோவிலுக்குப் போவது குறைந்தது. எங்கள் லுத்தரன் சபைப் போதகர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்காரரைத்தான் பிடித்தார். "உங்க வீட்டம்மாவுக்கு ஆண்டவர்கிட்ட அட்டெண்டன்ஸ் குறையுதே" என்றாராம். "இன்டர்னல் மார்க்ல பார்த்துக்கலாம் ஐயா" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார்.

நான் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். டிப்ளமோவோடு வேலைக்கு வந்தவள். பி.இ.யை வேலை பார்த்துக்கொண்டே முடித்தேன். வெல்டிங்கை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்து, கண் சிவந்து, கை சுட்டுக் கற்றுக்கொண்டது. அதனால் எனக்கு ஒரு தைரியம் உண்டு: ஒரு சாமானைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் பிடிபட்டுவிடும். புத்தகம் அதற்கப்புறம் வந்தாலும் போதும்.

எங்கள் முதல்வர் நேர்மையான மனிதர். விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாகிறது, அடுத்த ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் எம்.டெக். கையில் இருந்தால் அது எனக்கு, இல்லாவிட்டால் பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிடுவோம் என்று நான் முதல் வருஷத்தை முடித்ததுமே சொல்லிவிட்டார். ஆக, என் வசம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வருஷம். அந்த வருஷத்துக்குள் படிப்பு முடியவேண்டும்.

பல்கலைக்கழக வகுப்பில் என்னைவிடச் சின்னவர்கள்தான் எல்லோரும். என் கைடு, அதாவது என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், அவரே என்னைவிட எட்டு, பத்து வயது சின்னவர். அவர் என்னை "மேடம்" என்பார், நான் அவரை "சார்" என்பேன். புதிதாக வந்த ஆபீஸ் பையன் சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய தாளை என்னிடம் நீட்டியிருக்கிறான். என் பக்கத்து இருக்கைக்காரன் பூம்புகார்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவன். படகில் மீன் கெடாமலிருக்க ஒரு குளிர்ப்பெட்டி செய்வது அவன் ஆய்வு. என்னுடையது நெல் காயவைக்கும் எந்திரம். "அக்கா, நீங்க ஈரத்தை விரட்டுறீங்க, நான் ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறேன். ரெண்டு பேரையும் ஒரே டிபார்ட்மென்ட்ல எப்படிச் சேர்த்தாங்க?" என்பான். சட்டியில் இருக்கிற குழம்பை ஞாயிற்றுக்கிழமை மதியம் பகிர்ந்துகொள்வோம். மீன் அவனுடையது, சோறு என்னுடையது.

எந்திரம் செய்வதைக் கைடு முதலில் விரும்பவில்லை. கம்ப்யூட்டரில் மாதிரி ஓட்டிக் காட்டினால் போதும், ஒரு செமஸ்டரில் முடிந்துவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இரண்டாம் போகமான தாளடி நெல் அறுப்பு நேரத்தில் எங்கள் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். பாதி ரோட்டில் நெல்தான் கிடக்கும். கொள்முதல் நிலையத்தில் மீட்டரை வைத்து ஈரம் பார்ப்பார்கள். பதினேழு சதவீதத்துக்குக் கூடுதலாக இருந்தால் காயவைத்துக் கொண்டுவாங்க என்பார்கள். காயவைத்த அன்றைக்குத்தான் மேகம் திரளும். ஊருக்கு ஊர் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன எந்திரம் இருந்தால் என்ன? உமியை எரித்து, அந்தச் சூட்டைக் காற்றில் கலந்து நெல்லுக்குள் ஊதுகிற பெட்டி, அவ்வளவுதான். "சார், கம்ப்யூட்டர்ல நெல்லு காஞ்சா கம்ப்யூட்டர்தான் சாப்பிடணும்" என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்காரர் கடையில் கிடந்த பழைய டிரெய்லர், எங்கள் ஒர்க்‌ஷாப் தகடு, ஒரு ஊதுவிசிறி. ஆயுத பூஜைக்குப் பிறகு ஆரம்பித்து, பொங்கலுக்குள் எந்திரம் எழுந்து நின்றுவிட்டது. பச்சைப் பெயின்ட் அடித்தேன். என் மாணவர்கள் அதற்குக் "குண்டம்மா" என்று பேர் வைத்தார்கள். அது எந்திரத்தைப் பற்றித்தான் என்று நம்புகிறேன்.

சோதனை ஓட்டங்கள் நன்றாகவே போயின. கடைசியாக வைவா. வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் வந்து, எந்திரம் வயலில் ஓடுவதை நேரில் பார்த்து, கேள்வி கேட்டு, கையெழுத்துப் போடவேண்டும். பல்கலைக்கழகம் தேதி வைத்துவிட்டது. தேதியைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணக்கு ஓடியது. அறுப்பு அநேகமாக முடிந்துபோயிருக்கும் நேரம் அது. பச்சை நெல் வேண்டுமே.

அண்ணியிடம் சொன்னேன். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமத்தில் தன் நிலத்தைத் தானே நின்று பார்த்துக்கொள்கிறவர். அவர் நாக்குக்கு எங்கள் குடும்பமே பயப்படும். நான் மட்டும் ரசிப்பேன். போனில் விவரமாகச் சொன்னேன்: பரீட்சை எடுக்கப் பெரியவங்க வர்றாங்க அண்ணி, ஒரு மிஷின் அறுப்பு நெல்லை அப்படியே, அறுத்த ஈரத்தோட, மூட்டை பிடிக்காம குவிச்சு வையுங்க, வேற எதுவுமே செய்ய வேண்டாம். "சரி, சரி, நாங்க பாத்துக்கறோம், நீ பரீட்சைக்குப் படி" என்றார்.

அன்று காலை குண்டம்மாவை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். ஐஸ் பிளான்ட் தம்பியும் கூட வந்தான், உமி போட ஆள் வேண்டுமே. களத்துமேட்டில் தெருவே நின்றது. பெண்கள் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். தார்ப்பாய் போட்டு மூடிய குவியல் நடுவில் இருந்தது. கைடும் தேர்வாளரும் காரில் வந்து இறங்கினார்கள். தேர்வாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வெயிலைப் பார்த்து முகம் சுளிக்காமல், "வணக்கமுங்க, எல்லாரும் வேலையை விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பின்னால் நின்ற ஒரு அம்மா, "பரீட்சை வைக்க வந்தவரு நம்மளைவிட மரியாதையா பேசறாரு" என்று பக்கத்தில் சொன்னது எனக்குக் கேட்டது.

அண்ணி தார்ப்பாயை விலக்கினார். நெல் பொன்னாக இருந்தது. ஒரு தூசி இல்லை, ஒரு வைக்கோல் துரும்பு இல்லை. கையை விட்டேன். கலகலவென்று ஓடியது. பச்சை நெல் அப்படிச் சத்தம் போடாது.

தேர்வாளர் மீட்டரில் நெல்லைப் போட்டார். பதினாலு காட்டியது. இன்னொரு இடத்தில் எடுத்துப் போட்டார். அதுவும் பதினாலு.

"இது காஞ்ச நெல்லுங்களே," என்றார். "இதை எதுக்குங்க மறுபடி காயவெக்கணும்?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் முகத்தில் பெருமை வழிந்தது. விசாரித்தால், இரண்டு நாளாகத் தெருவே சேர்ந்து அந்த நெல்லைத் தார் ரோட்டில் விரித்து, காலால் கோதிக் கோதிக் காயவைத்து, தூற்றி, சலித்து வைத்திருக்கிறது. நான் போனில் சொன்னது அவர் காதில் விழாமலில்லை. நன்றாகவே விழுந்திருக்கிறது. விருந்துக்கு வருகிறவர்கள் "ஒண்ணும் செய்யாதீங்க, சும்மா ஒரு ரசம் போதும்" என்று சொல்வார்கள் இல்லையா, அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். படித்த பிள்ளை, நமக்குச் சிரமம் வேண்டாம் என்று கூச்சத்தில் சொல்கிறாள். அதற்காக மீட்டரோடு வருகிற ஆள் முன்னால் ஈர நெல்லை வைப்பார்களா யாராவது? எங்கள் பக்கம் அப்படி ஒரு காரியத்தை மனுஷர் செய்யமாட்டார்கள்.

"யாரு வந்து பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது" என்றார் அண்ணி, தேர்வாளரைப் பார்த்து.

"குறையே இல்லீங்க, அதான் பிரச்சினை" என்றார் அவர்.

அவர் கோபப்படவில்லை. ஆனால் விதி விதிதான். எந்திரம் ஈர நெல்லைக் காயவைப்பதைத் தன் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது, சாயங்காலம் ரயில் ஏறும்வரை இங்கே இருப்பேன், இல்லாவிட்டால் வேறொரு தேதி வைத்துக்கொள்ளலாம் என்றார். வேறொரு தேதி என்றால் அது ஜூனைத் தாண்டிவிடும் என்று கைடுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கைடு என் காதருகில், "நான் அப்பவே கம்ப்யூட்டர் சிமுலேஷன்னு சொன்னேன் மேடம்" என்றார். பாவம், அவர் சட்டை முழுக்க வியர்வை.

கூட்டத்திலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் முன்னால் வந்தார். இதுக்குப் போய் ஏன் கவலைப்படறீங்க, ஒரு குடம் தண்ணி தெளிச்சுட்டா ஈரம் வந்துடப்போவுது என்றார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் "தண்ணி தெளிச்சியா" என்று யாராவது கேட்டால் அடிக்கப்போகிற ஆள் அவர் என்று அண்ணி பிறகு சொன்னார். நான் வேண்டாம் என்றேன். தெளித்த தண்ணீர் உமி மேல்தான் நிற்கும், நாலு ஊது ஊதினால் பறந்துவிடும். அரிசிக்குள் இருக்கிற ஈரம்தான் வெளியே வர முரண்டு பிடிக்கும். அதைப் பேசி வெளியே வரவைக்கத்தான் நான் ஒரு வருஷம் மெனக்கெட்டது. சுலபமான எதிராளியோடு குண்டம்மாவை மல்லுக்கு விட்டு ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனசில்லை.

சுற்றும் முற்றும் பார்த்தேன். எல்லாம் அறுத்த தாள். வாய்க்காலின் கடைசியில் மட்டும் ஒரு துண்டு வயல் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் கடைசியாக வந்து சேர்ந்த இடம், அதனால் நடவும் தாமதம். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது.

"அது யாருது அண்ணி?"

"யாருது? என்னுதுதான். வர்ற வாரம் மிஷினுக்குச் சொல்லியிருக்கேன்."

"அதை இப்ப அறுக்கலாமா? நாலு மூட்டை வந்தா போதும். கையால அறுத்து, அடிச்சு, ஈரத்தோட அப்படியே."

அண்ணி என்னைத் தள்ளிக்கொண்டு டிரெய்லருக்குப் பின்னால் போனார். அறுக்கிறதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. பிரச்சினை வேறு. முன்னொரு வருஷம் அவர் நெல் ஈரம் என்று கொள்முதல் நிலையத்திலிருந்து திரும்பி வந்தது. மறுபடி விரித்துப் போட்ட இடத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகளுக்குள் முளை விட்டதை எனக்கும் காட்டினார் அப்போது. அதற்குப் பிறகு அவர் நெல் ஒரு முறைகூடத் திரும்பியதில்லை. அது அவருக்குத் தெருவில் ஒரு பேர்.

"தெருவே நிக்குது. மீட்டர் வச்ச ஆள் முன்னாடி நான் ஈர நெல்லைக் கொட்டவா?" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"அங்க உங்க நெல்லுக்குப் பரீட்சை அண்ணி. இங்க என் மிஷினுக்குத்தான் பரீட்சை. நெல்லு எவ்வளவு ஈரமா இருக்கோ அவ்வளவு எனக்கு நல்லது. நல்ல ஈரம் இருந்தாதான் மார்க்கு."

"ஈரத்துக்கு மார்க்குப் போடற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குன்னு அப்பவே யாராவது சொல்லியிருந்தா, நானும் படிச்சிருப்பேனே" என்றார் அண்ணி. பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய், தெருவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். அதற்கப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நல்ல சேலையோடு வந்தவர்கள் அதற்கு மேல் ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கினார்கள். மிஷின் வந்த பிறகு கதிர் அரிவாளுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. ஆட்டுக்குத் தழை அறுக்க வைத்திருந்தது, கூரையில் செருகி வைத்திருந்தது என்று எங்கெங்கோ இருந்து எடுத்து வந்தார்கள். என் வீட்டுக்காரரும் இறங்கினார். அவர் அறுத்த வேகத்தைப் பார்த்து, "கடைக்காரரே, அது ஸ்பேர் பார்ட்ஸ் இல்ல, ஒண்ணொண்ணா எண்ணி எடுக்காதீங்க" என்று ஒரு பெண் சொன்னாள். கைடு பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கட்டு சுமந்தார். அவர் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம். நெல் கட்டைத் தேங்காய் மட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கட்டை அடித்து, பதரைத் தூற்றிவிட்டு, நெல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அண்ணி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

மீட்டர் இருபத்துமூன்று காட்டியது. எனக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம். "இருபத்துமூணு" என்று சத்தமாகவே சொன்னேன். தெரு மொத்தமும் ஐயோ என்றது.

பெட்டி பெரியது, நெல் கொஞ்சம். இந்த மாதிரி நேரத்துக்கென்றே நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைத்திருந்தேன். அதை இறக்கிப் பாதிப் பெட்டியை மூடினேன். தேர்வாளர் அதைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தம்பி உமியைப் போட்டுத் தீ வைத்தான். விசிறி ஓட ஆரம்பித்தது. இனிக் காத்திருக்க வேண்டியதுதான்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. திரும்பித் துறைக்குப் போய் அறையில் உட்கார்ந்து கேள்வி கேட்க நேரமிருக்காது என்று தேர்வாளருக்குத் தோன்றியிருக்கவேண்டும். கைடிடம் ஏதோ கேட்டார். பிறகு வேப்பமரத்தடிக்கு இரண்டு நாற்காலியைப் போடச் சொல்லி, "வைவாவை இங்கியே வெச்சுக்கலாமுங்க" என்றார். எனக்கு நாற்காலி இல்லை. நின்றுகொண்டு பதில் சொல்கிறவள்தானே நான். தெரு மரத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

அவர் இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரியாமல் அவர்கள் நெல்லைப் பற்றி எப்படிப் பேசுவது? இரண்டாவது கேள்வியிலிருந்து அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். ஏன் உமி என்றார். மில்லுக்கு மில் மலை மாதிரி கிடக்கிறது, கரண்ட் அடுப்பு வைத்தால் பில் கட்ட நெல்லை விற்க வேண்டியிருக்கும் என்றேன். இடையிடையே சூட்டை நிறுத்திக் காற்றை மட்டும் ஓட்டுகிறீர்களே, நேரம் வீணாகாதா என்றார். இது எனக்குப் பிடித்த கேள்வி. நெல்லுக்கு வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே இருக்கிற ஈரம் மெல்ல நகர்ந்து வெளியே வர அவகாசம் வேண்டும், அவசரப்படுத்தினால் அரிசிக்குள் கீறல் விழும், மில்லில் போட்டால் பாதி குருணையாகக் கொட்டும் என்றேன். குருணை என்ற வார்த்தை வந்ததும் கூட்டத்தில் பத்துத் தலை ஆடியது. "அப்ப ரோட்டுல உச்சி வெயில்ல போட்டு எடுக்கறதும் அதானே?" என்று ஒரு பெண் கேட்டாள். அதேதான் என்றேன். தேர்வாளர் அவளைப் பார்த்து, "இன்னும் கேளுங்க, எனக்கு வேலை மிச்சம்" என்றார்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்கள். கரண்ட் போனா? டிராக்டரின் பின் சக்கரத் தண்டிலிருந்து விசிறிக்கு பெல்ட் மாட்டலாம் என்று நான் சொல்ல, சக்கரத் தண்டு எதுக்கு, மத்த மிஷினை ஓட்டறதுக்குன்னே பின்னால பி.டி.ஓ. தண்டு இருக்கே என்று என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்து திருத்த, "மாப்பிள்ளை, உங்களுக்கு இல்ல பரீட்சை" என்று அவரை அடக்கினார்கள். மழையில நனைஞ்சு முளை விட்ட நெல்லை இது சரியாக்குமா என்று அண்ணி கேட்டார். முடியாது அண்ணி, முளை விட்டா விட்டதுதான், அதுக்கு முன்னாடி கொண்டுவந்தாதான் இது உதவும் என்றேன். தேர்வாளர் அந்தக் கேள்வியைத் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

மரத்து நிழல் கிழக்கே நீள ஆரம்பித்தபோது விசிறியை நிறுத்தச் சொன்னேன். மூடியைத் திறந்ததும் வேகவைத்த மாதிரி ஒரு வாசனை வந்தது. தேர்வாளர் மேலே ஒரு கை எடுத்து மீட்டரில் போட்டார். பதினாறு. கொள்முதல் நிலையம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற கணக்கு. தெரு கை தட்டியது. நடுவில் எடுத்தார். அதுவும் பதினாறுக்குப் பக்கத்தில். தாளை எடுத்து எழுதப் போனார்.

"சார், அந்தத் தடுப்புக்கு ஓரமா, கீழ் மூலையில ஒண்ணு எடுத்துப் பாருங்க" என்றேன்.

அண்ணி என் கையைக் கிள்ளினார். சாதாரணக் கிள்ளல் இல்லை. அன்றைக்கு முழுக்கத் தடம் இருந்தது. "ஏண்டி, நீயே காட்டிக் குடுக்கற?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

மூலையில் எடுத்த நெல் பத்தொன்பது காட்டியது. எனக்கு அது புதுசில்லை. தடுப்பை இறக்கினால் அந்த மூலைக்குக் காற்று சரியாகப் போவதில்லை என்று சோதனை ஓட்டத்திலேயே சந்தேகம் இருந்தது. அதைச் சொன்னேன். தகட்டின் அடியைச் சாய்வாக வளைத்துவிட்டால் காற்று ஒதுங்காமல் உள்ளே திரும்பும், அரை நாள் வேலை என்று கையால் காற்றில் வளைத்துக் காட்டினேன். தேர்வாளர் பேனாவை மூடினார்.

வைவா முடிந்ததும், தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கும்வரை மாணவரை அறைக்கு வெளியே நிற்கவைப்பது வழக்கம். "கொஞ்சம் வெளிய இருங்க மேடம்" என்றார் கைடு, பழக்கத்தில். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது, அங்கே அறையும் இல்லை, கதவும் இல்லை. நான் வாய்க்கால் கரைக்கு நடந்தேன். தெருவும் என் பின்னாலேயே வந்துவிட்டது. களத்துமேட்டில் அவர்கள் இருவரும் நெல்லும் குண்டம்மாவும் மட்டும்.

கரையில் அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார். மேலாக்க எடுத்துப் பார்த்துட்டுப் போயிருப்பாரு, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா, நாங்க எதுக்கு இந்த வயசுல குனிஞ்சு கதிர் அறுத்தோம் என்று கொட்டித் தீர்த்தார். நான் கேட்டுக்கொண்டேன். எனக்குப் பயமிருந்தது. ஜூன் மாதம் என் இடத்தில் யாரோ ஒரு சின்னப் பெண் கறுப்புப் பலகை முன்னால் நிற்பதுகூடக் கண்ணில் வந்தது. ஆனாலும் அந்த மூலையைக் காட்டியதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. நான் பெட்டி செய்தவள். அது எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே இல்லை என்று முதலில் நான்தான் சொல்லவேண்டும். நாளைக்கு இதை நம்பி ஒருத்தர் நெல்லைக் கொட்டினால், அவர் மூட்டைதான் மூலையில் கெடும்.

கைடு கையசைத்தார். போனோம்.

"அந்த மூலைக்கு ஒரு படம் வரைஞ்சு, நீங்க சொன்ன வளைவையும் போட்டு, தீசிஸ்ல சேர்த்துருங்க," என்றார் தேர்வாளர். "மத்தபடி முடிஞ்சதுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. கைடு சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அண்ணி விடவில்லை.

"முடிஞ்சதுன்னா என்னாங்க அர்த்தம்? பாஸா, இல்லையா? நாங்க கதிர் அறுத்திருக்கோம், எங்களுக்குச் சொல்லுங்க."

"பாஸுங்க. நல்ல பாஸுங்க."

தம்பி ஓடிவந்து என் தோளைக் குலுக்கினான். வீட்டுக்காரர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டு, போதகருக்காக இருக்கலாம், திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். அண்ணி மட்டும் அந்த இடத்திலிருந்து நகரவில்லை. பெட்டிக்குள் குனிந்து, கையைவிட்டு மூலை நெல்லை எடுத்து, பல்லில் வைத்து ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார்.

"அந்த மூலையை மட்டும் தனியா அள்ளிக் குடு," என்றார் என்னிடம், முறத்தை நீட்டிக்கொண்டே. "மத்ததோட கலந்துடாத. நாளைக்குக் காலையில ரோட்டுல போட்டுக்கறேன்."